டயர் பிரஷர் விளக்கும் நைட்ரஜனும்: சென்னையில் புதிதாகக் கார் ஓட்டுபவர்களுக்கு

மீட்டர் பலகையில் மஞ்சள் நிறத்தில் லாடம் போன்ற ஒரு வளைவு, நடுவில் ஓர் ஆச்சரியக்குறி. டயரைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வடிவம்தான் அது. டிபிஎம்எஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் டயர் அழுத்தக் கண்காணிப்பு அமைப்பு, ஏதோ ஒரு டயரில் காற்று குறைந்துவிட்டதைக் காட்டுகிறது. முதல் கார் வாங்கியவர்களில் சிலர் இதைப் பார்த்ததும் பதறி நடுரோட்டில் நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று வாரக்கணக்கில் அப்படியே ஓட்டுகிறார்கள். இரண்டுமே ஆபத்து.

இந்த விளக்கு தாமதமாகத்தான் எரியும் என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டயர்கள் பழுதாகிக் கார்கள் கவிழ்ந்து பலர் இறந்ததைத் தொடர்ந்து அமெரிக்கா 2000-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2007 செப்டம்பர் முதல் அங்கே எல்லாப் புதிய கார்களிலும் இந்த எச்சரிக்கை கட்டாயம் ஆனது. அந்த விதிப்படி, கார் நிறுவனம் சொன்ன அளவைவிட 25 சதவீதம் குறைந்த பிறகு விளக்கு எரிந்தால் போதும். ஐரோப்பிய விதியில் அது சுமார் 20 சதவீதம். டயர் அழுத்தத்தை பிஎஸ்ஐ என்ற அலகில் அளக்கிறோம்; உங்கள் காருக்கு 33 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொண்டால், 26-க்கோ 25-க்கோ இறங்கும்வரை விளக்கு பேசாமல்தான் இருக்கும். 28-ல் ஓடும் டயர் ஓரங்களில் தேய்கிறது, பக்கச்சுவர் அதிகமாக வளைந்து சூடேறுகிறது, பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகிறது. இவ்வளவு நடந்தும் மீட்டர் பலகையில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் எந்தக் காற்று நல்லது என்ற விவாதத்தைவிட, மாதம் ஒரு முறை காலையில் காற்று அளக்கும் மீட்டரைக் கையில் எடுத்து அளந்து பார்க்கும் பழக்கத்தைப் பெரிதாக நினைக்கிறேன்.

விளக்கு எப்படி எரிகிறது என்று பாருங்கள்

சாவியைத் திருப்பியதும், அல்லது ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும், மற்ற விளக்குகளோடு இதுவும் ஓரிரு நொடி எரிந்து அணைய வேண்டும். அது சோதனைக்காக எரிவது. அணையாமல் நிலையாக எரிந்தால் காற்று குறைவு. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் போல விட்டு விட்டு மின்னி, பிறகு நிலையாக நின்றால் கோளாறு அந்த அமைப்பிலேயே இருக்கிறது. சென்சார் பேட்டரி தீர்ந்திருக்கலாம், அல்லது சென்சார் இல்லாத சக்கரம் மாட்டியிருக்கலாம். பல கார்களில் ஒவ்வொரு முறை வண்டி எடுக்கும்போதும் விளக்கு இப்படித் திரும்ப மின்னும். மின்னுகிறது என்றால் உடனடி ஆபத்து என்று பொருளில்லை. ஆனால் அது சரியாகும்வரை டயரில் காற்று குறைந்தாலும் கார் உங்களுக்குச் சொல்லாது. அதுவரை கையால் அளப்பது ஒன்றே வழி.

ஓடிக்கொண்டிருக்கும்போது எரிந்தால்

ஆக்சிலரேட்டரில் இருந்து மெதுவாகக் காலை எடுங்கள். சடாரென்று பிரேக் போடாதீர்கள், ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பாதீர்கள். வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா, ஸ்டியரிங் கனமாகிவிட்டதா, பின்பக்கம் ஆடுகிறதா என்று கவனியுங்கள். இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் டயர் வேகமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. அபாய விளக்கைப் போட்டுவிட்டு, இடது ஓரத்தில் சமதளமான இடத்தில் நிறுத்துங்கள். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை, ஜிஎஸ்டி சாலை மாதிரி லாரிகள் பறக்கும் இடங்களில் வலது பக்கம் இறங்கி நின்று டயர் பார்ப்பது உயிருக்கே ஆபத்து. எல்லோரும் இடது பக்கமாக இறங்கி, சாலையை விட்டு விலகி நில்லுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் 1033 என்ற எண்ணை அழைக்கலாம்.

வண்டி நேராக, வழக்கம்போல ஓடினால் பதற வேண்டாம். வேகத்தைக் குறைத்துக்கொண்டு அருகில் உள்ள பெட்ரோல் பங்க்குக்கோ பஞ்சர் கடைக்கோ போங்கள். போனதும் நான்கு டயரையும் கண்ணால் ஒரு சுற்று பாருங்கள், ஆனால் கண்ணை நம்பி முடிவு எடுக்காதீர்கள். இன்றைய ரேடியல் டயர்கள் 24 பிஎஸ்ஐ இருந்தாலும் பார்வைக்கு நன்றாகத்தான் தெரியும். அடியில் கொஞ்சம் பிதுங்கி இருப்பது அவற்றின் இயல்பு. காலால் உதைத்துப் பார்ப்பதாலும் ஒன்றும் தெரியாது.

எவ்வளவு காற்று என்பதை யாரிடமும் கேட்காதீர்கள்

அது உங்கள் காரிலேயே எழுதியிருக்கிறது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் நடுத்தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருப்பார்கள். முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு, இரண்டு மூன்று பேர் போனால் எவ்வளவு, முழு ஆளும் லக்கேஜும் ஏற்றினால் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். இங்கே ஓடும் சிறிய, நடுத்தரக் கார்கள் பலவற்றுக்கு 33-ஐ ஒட்டி வரும். ஆனால் உங்கள் ஸ்டிக்கரில் உள்ளதுதான் உங்களுக்குச் சரி. ஐந்து பேர், பெட்டிகள், குடங்குடமாகத் தண்ணீர் என்று ஈசிஆர் வழியாகப் புதுச்சேரிக்கோ, திண்டிவனம் தாண்டித் திருச்சிக்கோ கிளம்பும் முன் அந்த முழுச்சுமை அளவை வைக்க மறக்காதீர்கள்.

டயரின் பக்கச்சுவரில் ஒரு பெரிய எண் பொறித்திருக்கும், 44, 51 என்று. அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்து நிரப்பினால் டயர் கல்லாகி, நடுப்பகுதி மட்டும் தேயும், ஈரச் சாலையில் பிடிமானம் போய்விடும்.

அளவு கேபிஏ-யிலோ பாரிலோ காட்டினால் குழம்ப வேண்டாம். 33 பிஎஸ்ஐ என்பது ஏறக்குறைய 230 கேபிஏ, அதாவது 2.3 பார்.

குளிர்ந்த டயர் என்றால் என்ன

ஸ்டிக்கரில் உள்ள அளவு குளிர்ந்த டயருக்கானது. கார் குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்று இரண்டு கி.மீ.க்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. நிற்கும் இடமும் நிழலாக இருக்க வேண்டும். மதியம் வெயிலில் நின்ற காரில் வெயில் பட்ட பக்கத்து டயர் மற்றதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

சென்னையில் பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இதைத்தான். அண்ணா சாலை நெரிசலில் ஊர்ந்து, பிரேக் போட்டுப் போட்டு வந்து, சாயங்காலம் பங்க்கில் காற்று பிடிக்கிறோம். அப்போது டயருக்குள் இருக்கும் காற்று 50 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 33 வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கி, அதிகாலை 24 டிகிரியில் வண்டி எடுத்தால் அதே டயர் 29-தான் காட்டும். ஒரு துளிக் காற்றுகூடக் கசியவில்லை, சூடு குறைந்ததால் அழுத்தம் குறைந்தது, அவ்வளவுதான். டயருக்குள் வெப்பநிலை 10 டிகிரி மாறினால் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ மாறும். இந்த 29-இல், இரண்டு மூன்று மாதம் ரப்பர் வழியாக இயல்பாகக் கசிந்த காற்றையும் கழித்துவிடுங்கள். முதல் பெருமழை நாளன்று காலையில் ஊரெல்லாம் இந்த மஞ்சள் விளக்கு எரிவதற்கு இதுதான் காரணம். பத்து நிமிடம் ஓடியதும் டயர் சூடாகி விளக்கு தானே அணைந்துவிட்டால், சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். காற்று குறைவாகத்தான் இருக்கிறது, அடுத்த நாள் காலை மறுபடி எரியும்.

வீட்டில் இருந்து முதல் பங்க் நான்கு கி.மீ. தள்ளி இருந்தால் என்ன செய்வது? வீட்டிலேயே, கார் நின்ற நிலையில், சொந்த மீட்டரில் நான்கு டயரையும் அளந்து, எத்தனை பிஎஸ்ஐ குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பங்க்குக்குப் போனதும், அந்த நேரத்தில் காட்டும் அளவோடு அந்தக் குறைவை மட்டும் கூட்டுங்கள். காலையில் 29 இருந்தது, 33 வேண்டும், குறைவு 4. பங்க்கில் 31 காட்டினால் 35 வைக்கச் சொல்லுங்கள். ஆறியதும் 33-க்கு வந்து நிற்கும். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகி ஓட்டும் சின்ன கம்ப்ரசர் வாங்கினால் பார்க்கிங்கிலேயே வேலை முடிந்துவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு அதைவிட வசதி இல்லை.

சூடான டயரில் 37, 38 என்று காட்டுகிறதே என்று காற்றைப் பிடுங்கிவிடக் கூடாது. அது ஓட்டத்தில் ஏறிய சூடு. அப்போது குறைத்தால் மறுநாள் காலை தேவைக்கும் கீழே இருக்கும்.

பங்க்கில் நிற்கும்போது

எண்ணெய் நிறுவனங்களின் விதிப்படி பெட்ரோல் பங்க்கில் காற்று இலவசம். கட்டணம் கேட்க முடியாது. காற்று பிடித்துவிடுபவருக்கு நீங்களாக விரும்பிக் கொடுப்பது வேறு விஷயம்.

இப்போது பெரும்பாலும் டிஜிட்டல் மெஷின்தான். "அண்ணா, முன்னாடி முப்பத்திமூணு, பின்னாடி முப்பத்திமூணு வைங்க" என்று சொல்லிவிட்டு, இறங்கிப் போய் அருகில் நில்லுங்கள். வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்க்காதீர்கள். குழாயை மாட்டியதும், காற்று ஏறும் முன் திரையில் முதலில் ஓர் எண் வரும். அந்த எண் மிக முக்கியமானது. நான்கு டயரிலும் அதைப் பார்த்துப் போனில் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் 30, 30, 29, 30 என்று இருந்தால் இயல்பான குறைவு. ஒன்று மட்டும் 25 என்றால் அந்த டயரில் ஏதோ இருக்கிறது. நிரப்பி முடித்த பிறகு பார்த்தால் நான்கும் 33-ஆக, எல்லாம் நலம் போலத் தெரியும். எந்த டயர் கசிகிறது என்ற தகவல் அங்கேயே தொலைந்துவிடும்.

மெஷின் பீப் அடித்து நின்றதும் வால்வு மூடிகளைத் திரும்ப மாட்டினார்களா என்று பாருங்கள். மூடி தூசியையும் தண்ணீரையும் தடுக்கிறது. மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் ஓடும் வண்டிக்கு அது இல்லாமல் இருக்கக் கூடாது.

ஒரு டயர் மட்டும் திரும்பத் திரும்பக் குறைந்தால் பஞ்சர் கடைக்குப் போக வேண்டியதுதான். டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தி உள்ளேயே இருந்தால் நாள்கணக்கில் மெதுவாகத்தான் இறங்கும். ஆணியை நீங்களே பிடுங்காதீர்கள், இருந்த காற்றும் போய்விடும். ஆணி எதுவும் கண்ணில் படவில்லை என்றால் வால்வில் சோப்புத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் சிறிய பின்னை மாற்றினால் போதும், செலவு மிகக் குறைவு. மழைக்காலப் பள்ளங்களில் அடி வாங்கி ரிம் ஓரம் நெளிந்திருந்தாலும் அந்த வழியாகக் கசியும். பக்கச்சுவரில் பஞ்சர் என்றாலோ, அடிபட்ட இடத்தில் முட்டை போல வீங்கியிருந்தாலோ ஒட்டுப்போட ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த டயர் முடிந்தது.

"வெயில் காலம் சார், 28 போதும்"

இந்த அறிவுரையைக் கத்திரி வெயிலில் சென்னையில் எங்கே போனாலும் கேட்பீர்கள். சூட்டில் காற்று விரிந்து டயர் வெடித்துவிடும், அதனால் குறைத்து வை என்று நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இது நேர் எதிரானது. நெடுஞ்சாலையில் வெடிக்கும் டயர்களைப் பெரும்பாலும் வெடிக்க வைப்பது குறைந்த காற்று. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. 100 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு எண்ணூறு முறைக்கு மேல் அப்படி மடங்குகிறது. அந்த மடிப்பில் பிறக்கும் சூடு ரப்பரையும் உள்ளே இருக்கும் நூலடுக்குகளையும் பிரிக்கிறது. மே மாதத் தார்ச்சாலையும் முழுச்சுமையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். டயர் செய்பவர்கள் வெயிலையும் ஓட்டச் சூட்டையும் கணக்கில் வைத்துத்தான் அந்த அளவைத் தீர்மானிக்கிறார்கள். கோடையிலும் ஸ்டிக்கரில் உள்ளதையே வையுங்கள். பங்க்கில் பெரியவர் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

காற்று பிடித்த பிறகும் விளக்கு எரிகிறதா

இங்கே உங்கள் காரில் எந்த வகை டிபிஎம்எஸ் என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வகை உண்டு.

ஒன்றில், ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வின் அடியில் ஒரு சென்சார் இருக்கும். அது அழுத்தத்தை நேரடியாக அளந்து ரேடியோ அலையில் அனுப்பும். நான்கு டயருக்கும் தனித்தனி எண் திரையில் தெரிந்தால் உங்களுடையது இந்த வகை. காற்று பிடித்துச் சிறிது தூரம் ஓட்டினால் விளக்கு தானே அணையும்.

மற்றதில் டயருக்குள் எதுவும் கிடையாது. ஏபிஎஸ் பிரேக்குக்காகச் சக்கரங்களில் ஏற்கெனவே இருக்கும் வேக சென்சார்களை வைத்தே கணிக்கிறது. காற்று குறைந்த டயரின் உயரம் கொஞ்சம் குறையும், அதனால் மற்ற மூன்றைவிட வேகமாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தைப் பிடித்து எச்சரிக்கிறது. இந்த வகையில் எண் எதுவும் தெரியாது, எந்த டயர் என்றுகூடச் சில கார்களில் சொல்லாது. காற்று பிடித்ததும் நீங்கள்தான் ரீசெட் செய்ய வேண்டும். ஸ்டியரிங்கின் கீழே ஒரு பட்டனாகவோ, திரையில் வாகன அமைப்புகள் பகுதியில் ஒரு தேர்வாகவோ இருக்கும். பிறகு கொஞ்ச நேரம் ஓடினால், அந்த நிலைதான் சரியான நிலை என்று கார் கற்றுக்கொள்ளும்.

இதில் ஒரு பெரிய அபாயம் ஒளிந்திருக்கிறது. காற்று பிடிக்காமல், விளக்கு தொந்தரவாக இருக்கிறது என்று ரீசெட் மட்டும் செய்தால், குறைந்த காற்றையே கார் சரியென்று கற்றுக்கொள்கிறது. அதன் பிறகு இன்னும் குறைந்து ஆபத்தாகும்வரை வாய் திறக்காது. நான்கு டயரிலும் ஒரே அளவில் மெதுவாகக் குறைந்தாலும் இந்த வகை பெரும்பாலும் கண்டுபிடிக்காது, ஏனென்றால் ஒப்பிட வித்தியாசம் எதுவும் இருக்காது. மாதாமாதம் காற்று பார்க்காமல் நிறுத்திவைத்த வண்டியில் நடப்பது அதுதான். ஆகவே வரிசை மாறக் கூடாது: குளிர்ந்த டயரில் நான்கிலும் சரியான காற்று, அப்புறம் ரீசெட்.

நைட்ரஜன்: என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

டயர் கடையிலும் பங்க்கிலும் பச்சை மூடியோடு நைட்ரஜன் விற்கிறார்கள். பிரஷர் குறையவே குறையாது, மைலேஜ் கூடும், டயர் வெடிக்காது, சூடாகாது என்று பலகையில் எழுதியிருக்கும். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், ஆக்சிஜன் 21 சதவீதம். அந்த ஆக்சிஜனையும் ஈரப்பதத்தையும் பிரித்துவிட்டுத் தருவதுதான் அந்த மெஷினின் வேலை.

உண்மையான பலன் ஒன்று உண்டு. ரப்பர் வழியாக ஆக்சிஜன் கசிவதைவிட நைட்ரஜன் மெதுவாகக் கசியும். எவ்வளவு மெதுவாக என்பதை அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு 31 வகை டயர்களை வைத்து ஓராண்டு சோதித்தது. எல்லாவற்றிலும் 30 பிஎஸ்ஐ நிரப்பி வெளியில் வைத்தார்கள். ஆண்டு முடிவில் சாதாரணக் காற்று சராசரியாக 3.5 பிஎஸ்ஐ குறைந்திருந்தது, நைட்ரஜன் 2.2. வித்தியாசம் ஓர் ஆண்டுக்கு 1.3 பிஎஸ்ஐ. நைட்ரஜன் போட்டாலும் குறையத்தான் செய்கிறது என்பதையும் அதே எண்கள் காட்டுகின்றன. ஆணி குத்தினாலோ வால்வு கசிந்தாலோ இரண்டும் ஒரே மாதிரிதான் வெளியே போகும்.

இரண்டாவது பலன், ஈரமில்லாமல் இருப்பது. கடலோர ஊரில் கம்ப்ரசர் தொட்டியில் தண்ணீர் சேரும். அதைத் தவறாமல் வடிக்காத கடையில் காற்றோடு ஈரமும் டயருக்குள் போகிறது. சூடேறும்போது அது ஆவியாகி அழுத்தத்தைக் கொஞ்சம் கூடுதலாக ஏற்றும், நாளடைவில் ரிம்மின் உள்பக்கத்தையும் அரிக்கும். நன்றாகப் பராமரிக்கும் இடத்தில் காற்று பிடித்தால் இந்தப் பிரச்சினை பெரிதாக வராது.

சூட்டுக்கு நைட்ரஜன் விரிவடையாது என்பது தவறு. மேலே சொன்ன 10 டிகிரிக்கு ஒன்றரை பிஎஸ்ஐ கணக்கு உலர்ந்த காற்றுக்கும் நைட்ரஜனுக்கும் ஒன்றுதான். மைலேஜ் கூடும் என்பதும் அப்படியே. சரியான அழுத்தம்தான் மைலேஜைக் காப்பாற்றுகிறது. நான்கு டயரிலும் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் எரிபொருள் செலவு ஏறக்குறைய 0.2 சதவீதம் கூடும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. உள்ளே இருப்பது எந்த வாயு என்பதால் அந்தக் கணக்கு மாறாது.

விமானத்துக்கே நைட்ரஜன்தான் போடுகிறார்கள் என்று கடைக்காரர் சொல்வார். அது உண்மை, காரணமும் பெரியது. 1986 மார்ச் 31 அன்று மெக்சிகோவில் மெக்சிகானா 940 என்ற விமானம், பிரேக் அளவு மீறிச் சூடானதால் டயர் வானில் வெடித்து விழுந்தது. 167 பேர் இறந்தார்கள். அந்த டயரில் நைட்ரஜனுக்குப் பதில் சாதாரணக் காற்று நிரப்பியிருந்தார்கள். அதிக சூட்டில் டயரின் ரப்பரில் இருந்து வரும் வாயுவும் ஆக்சிஜனும் சேர்ந்து வெடித்தன. அதற்குப் பிறகு பெரிய விமானங்களின் சக்கரங்களுக்கு நைட்ரஜனை அமெரிக்கா கட்டாயம் ஆக்கியது. தரையிறங்கும் விமானத்தின் பிரேக் எட்டும் சூட்டை வேளச்சேரிக்கும் தி. நகருக்கும் நடுவே ஓடும் கார் எட்டுவதில்லை.

போடுவது என்று முடிவு செய்தால்

இலவசமாகவோ சில பத்து ரூபாய்க்கோ கிடைத்தால், அதுவும் புது டயர் மாட்டும்போது என்றால், தாராளமாகப் போடுங்கள். கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் பெரும்பாலான பங்க்குகளில் நைட்ரஜன் என்ற பெயரில் நடப்பது, இருக்கும் காற்றின் மேல் கொஞ்சம் நைட்ரஜனைச் சேர்ப்பதுதான். 28-ல் இருந்து 33-க்கு நைட்ரஜன் ஏற்றினால் டயருக்குள் ஆக்சிஜன் 21-ல் இருந்து ஏறக்குறைய 19 சதவீதம் ஆகிறது. அதற்குக் காசு கொடுப்பது வீண்.

மீட்டரில் பூஜ்யம் காட்டும்வரை இறக்கினாலும் டயருக்குள் வளிமண்டல அழுத்தத்தில் காற்று இருக்கும், அது சுமார் 14.7 பிஎஸ்ஐ. அதன்மேல் 33 பிஎஸ்ஐ தூய நைட்ரஜன் ஏற்றினால் மொத்தம் 47.7. அதில் பழைய காற்று 31 சதவீதம், அதாவது ஆக்சிஜன் ஆறரை சதவீதம் மிச்சம். இன்னொரு முறை முழுக்க இறக்கி நிரப்பினால் இரண்டு சதவீதத்துக்கு வரும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: "அண்ணா, பழைய காத்தை முழுசா இறக்கிட்டு ரெண்டு தடவை போடுவீங்களா?" மெஷினிலேயே அந்த வசதி உண்டு. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கிய பிறகுதான் இறக்க வேண்டும். கார் பாரம் டயர் மேல் இருக்கும்போது முழுக்க இறக்கினால் பக்கச்சுவர் நசுங்கும், டயர் ரிம்மை விட்டும் நகரலாம்.

வழியில் நைட்ரஜன் கிடைக்கவில்லை, டயர் குறைந்துவிட்டது என்றால் யோசிக்காமல் சாதாரணக் காற்றைப் பிடியுங்கள். இரண்டும் கலந்தால் ஒன்றும் ஆகாது. நைட்ரஜன் பங்க் வரும்வரை 24-லேயே ஓட்டிக்கொண்டு போவதுதான் கெடுதல்.

பஞ்சர் கடையில் சொல்ல வேண்டியது

காரில் நேரடி சென்சார் இருந்தால், டயரைக் கழற்றும் முன்பே சொல்லுங்கள்: "அண்ணா, வால்வு கிட்ட சென்சார் இருக்கு, பாத்து." டயரை ரிம்மில் இருந்து பிரிக்கும் மெஷினின் தட்டு வால்வுக்கு அருகில் அழுத்தினால் சென்சார் உடைந்துவிடும், புதிது வாங்கச் சில ஆயிரங்கள் ஆகும். சென்சாருக்குள் இருக்கும் பேட்டரியைத் தனியாக மாற்ற முடியாது. ஐந்தில் இருந்து பத்து ஆண்டுக்குள் தீரும்போது சென்சாரையே மாற்ற வேண்டும். புது டயர் போடும்போது கார் ஏழெட்டு ஆண்டைத் தாண்டியிருந்தால், அப்போதே சென்சாரையும் மாற்றினால் இரட்டைக் கூலி மிச்சம்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி உப்புக்காற்று வீசும் பகுதியில் இருப்பவர்கள் அலுமினிய வால்வுக்குப் பளபளக்கும் உலோக மூடி வாங்கி மாட்ட வேண்டாம். வெவ்வேறு உலோகங்கள் உப்பில் அரித்து ஒட்டிக்கொள்ளும். மூடியைத் திருகும்போது வால்வே முறிந்து வரும். கார் வந்தபோது இருந்த பிளாஸ்டிக் மூடியே போதும். பஞ்சரை அடைக்க உள்ளே ஊற்றும் பசைத் திரவங்களில் பல சென்சாரின் துளையை அடைத்துவிடும், அவசரத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஜி.பி. ரோட்டில் வால்வு மூடிபோல மாட்டும் டிபிஎம்எஸ் கிட் கிடைக்கும். வேலை செய்யும். மாட்டிய பிறகு வால்வு முழுநேரமும் திறந்தே இருப்பதால், அந்த மூடி கசிகிறதா என்று சோப்புத் தண்ணீரில் பார்த்துவிடுங்கள்.

ஸ்டெப்னி

2020-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தத்தின்படி, 3.5 டன்னுக்கு உட்பட்ட காரில் டியூப்லெஸ் டயரும் டிபிஎம்எஸ்ஸும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி தர வேண்டிய அவசியம் இல்லை. அதனால் உங்கள் டிக்கியை இன்றே திறந்து உள்ளே இருப்பது டயரா, கிட்டா என்று பாருங்கள். கிட் என்றால், அதன் கம்ப்ரசரை வீட்டில் ஒரு முறை ஓட்டிப் பழகிக்கொள்ளுங்கள். பசைப் புட்டிக்குக் காலாவதித் தேதி உண்டு.

டயர் இருந்தால் அதிலும் மாதாமாதம் காற்று பார்க்க வேண்டும். மற்றவற்றைவிட மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடுதலாக வைத்தால் கிடந்து குறைந்தாலும் தேவைப்படும்போது உதவும். மெல்லிய தற்காலிக ஸ்டெப்னி என்றால் கணக்கு வேறு. அதற்குப் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ, வேகம் 80 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. இரண்டும் அதன் பக்கச்சுவரிலேயே எழுதியிருக்கும். பல கார்களில் ஸ்டெப்னிக்குள் சென்சார் கிடையாது. ஆகவே அதை மாட்டி ஓட்டும்போது விளக்கு மின்னினால் பயப்பட வேண்டாம். பழைய சக்கரம் பஞ்சர் போட்டுத் திரும்ப மாட்டியதும், சில கி.மீ. ஓட்டத்தில் அணைந்துவிடும்.